நாலு பாகைத் தண்ணீரில் ஜெகா அன்ரி

"பிள்ளை, உனக்கு வெள்ளைக்காரரோடை கதைக்கிறதுதானே வேலை?" என்று கேட்டார் ஜெகா அன்ரி. மத்தியானம் அவர் வேலைசெய்யும் கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போயிருந்தேன். ஓம் என்றேன்.

"அப்ப அவையள் சொல்லுறது உனக்கு முழுக்க விளங்கும்."

"விளங்கும்."

"எனக்குப் பாதிதான் விளங்குது. மற்றப் பாதியை நானே நிரப்பிக்கொள்ளுறன். அதாலைதான் கரைச்சல்."

என்ன கரைச்சல் என்று கேட்டேன். எண்ணெய்க்குள் கிடந்த ரோல்ஸை ஒருமுறை புரட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"வாற தை மாதம் ஐஸ் தண்ணிக்கை ஒரு மைல் நீந்தப் போறன். நீந்தேக்கை கோச் இடைக்கிடை கேள்வி கேப்பாராம். பிழையாய்ச் சொன்னா வெளியாலை இழுத்துப் போடுவாராம். தமிழிலை மறுமொழி சொல்லலாமாம். ஆனா அதை அவருக்குப் பிரெஞ்சிலை சொல்ல ஒரு ஆள் வேணுமாம். நீ வாறியோ?"

கேட்க எனக்குப் பல கேள்விகள் இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஏன் அன்ரி?"

"மூளை உறைஞ்சுபோச்சோ எண்டு பாக்கத்தான்."

"அதில்லை. நீங்கள் ஏன் நீந்திறியள்?"

"தண்ணிக்கை போன் வேலை செய்யாது பிள்ளை. எத்தினை ரோல்ஸ் வேணும், சொல்லு."

இரண்டு என்றேன். மூன்று போட்டார். நான் சம்மதித்துவிட்டதாக அதற்கு அர்த்தம்.

ஜெகதீஸ்வரி தில்லையம்பலத்துக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வீடு நகரத்துக்கு வெளியே எபினேயில். வேலை எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு கடையின் குசினியில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். ஊர் கோண்டாவில். கடற்கரை ஊர் அல்ல என்பதை அவருடைய கணவர் தில்லையம்பலம் யாரையும் மறக்க விட்டதில்லை. தில்லையம்பலம் அங்கிள் வல்வெட்டித்துறை. அவருடைய பரம்பரையே கப்பலோட்டியது. அவரோ பிரான்சுக்கு வந்தபின் கால் நனைத்தது மழையில் மட்டும். "கடல் எங்கடை ஆக்களின்ரை வேலை. இவ கண்ட பெரிய தண்ணி கிணத்தடித் தொட்டி" என்று கல்யாண வீடுகளில் சொல்வார். அவருடைய சகோதரிகள் சிரிப்பார்கள். அன்ரியும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவருடன் கதைக்கமாட்டார்.

நாற்பது வயதில் முழங்கால் வலி வந்தது. தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் டொக்டர். நீச்சல் குளத்தில் நடந்து நடந்து அலுத்துப்போய், சின்னப் பிள்ளைகளின் வகுப்போடு சேர்ந்து நீந்தவும் பழகினார். ஒரு கோடையில் திருத்த வேலைக்கென்று குளத்தை மூடினார்கள். நீச்சல் குழு நகரத்துக்கு வெளியே ஓர் ஏரிக்குப் போகத் தொடங்கியது. புரட்டாதியில் தண்ணீர் குளிர்ந்தது. ஐப்பசியில் இன்னும் குளிர்ந்தது. குளிர்காலத்தில் தொடர விரும்புகிறவர்கள் மட்டும் வரலாம் என்று பயிற்சியாளர் அலெக்சிஸ் அறிவித்தார். அன்ரிக்கு "வரலாம்" என்பது மட்டும் விளங்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தபோது லீவில் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மார்கழியில் கரையில் அலெக்சிஸும் அவரும்தான் மிச்சம்.

அலெக்சிஸ் அவரை ஓர் அதிசயமாகப் பார்த்தார். இந்தப் பெண் குளிருக்குப் பயப்படுவதே இல்லையே! உண்மையில் அன்ரி நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். இனி வேண்டாம் என்று பிரெஞ்சில் மரியாதையாக எப்படிச் சொல்வதென்று தெரியாததால், திரும்பத் திரும்பப் போனார். பிறகு அதுவே பிடித்துப்போனது.

அப்படி ஐந்தாறு குளிர்காலம் போனபின் மைல் வந்தது. ழூரா மலைப்பக்கத்தில் ஓர் ஏரி. தண்ணீர் ஐந்து பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கவேண்டும். உடம்பில் சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி மட்டும். முடித்தால் ஒரு சான்றிதழ். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில், மைத்துனிமார் இருக்கும் கதிரைக்கு நேர் எதிரே மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

இருக்கிற உடம்பு இந்தக் குளிருக்குக் காணாது, ஆறு கிலோ கூட்டு என்றார் அலெக்சிஸ். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறை கூட்டச் சொல்லிக் கட்டளை பெற்ற பெண் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. சீனி வருத்தத்துக்குப் பயந்து வெள்ளரிக்காயையும் தக்காளியையும் தின்று வாழ்ந்த சிநேகிதிகள் வயிறெரிந்தார்கள். அன்ரி கடமை தவறாதவர். வடை, பால்கோவா, ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்று இரண்டே மாதத்தில் கணக்கை முடித்தார்.

பிறகு கார்த்திகைப் பூரணை வந்தது. பூரணை கழிய, பிள்ளையாருக்குப் பெருங்கதை விரதம். இருபத்தொரு நாள், ஒருநேரச் சாப்பாடு. மைல் நல்லபடி முடியவேண்டும் என்று நேர்த்தி வைத்து, அந்த விரதத்தை அன்ரி பிடித்தார். வேலை முடிய நேரே ரூ பஜோல் தெருவிலுள்ள கோயிலுக்கு ஓடிப்போய், அங்கே படிக்கும் பெருங்கதையைக் கேட்டார். பகல் முழுக்க ரோல்ஸ் பொரித்துவிட்டு, அதில் ஒரு துணுக்கும் வாயில் வைக்காமல் இருந்தார். இவ்வளவு சுத்தமாக ஒருவரும் விரதம் பிடித்ததில்லை என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

விரதம் முடிந்து ஏரிக்கு வந்தவரைப் பார்த்ததும் அலெக்சிஸின் முகம் மாறியது. அன்றுதான் என் மொழிபெயர்ப்பு வேலை தொடங்கியது.

"ஏன் மெலிந்தீர்கள் என்று கேட்கிறார்."

"பிள்ளையாருக்கு விரதமெண்டு சொல்லு."

சொன்னேன். எதற்காக என்று கேட்டார்.

"மைல் நல்லபடி முடியவேணும் எண்டுதான்."

அதையும் சொன்னேன். தனக்குச் சரியாக விளங்கவில்லை, திரும்பச் சொல் என்றார் அலெக்சிஸ். அதையே திரும்பச் சொன்னேன். பிரெஞ்சில் இரண்டாம் முறை அது இன்னும் மோசமாக இருந்தது.

"உங்கள் கடவுளைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறேன்," என்றார் அலெக்சிஸ். "பட்டினியில் நம்பிக்கை உள்ளவர் மாதிரித் தெரியவில்லையே."

அதைச் சொன்னதும் அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "அவர் சாப்பிடுறார், நாங்கள் கிடக்கிறம். அதுதானே ஒழுங்கு. வேற என்னவாம்?"

"அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளிப்போடச் சொல்கிறார்."

"ஏலாது. பிள்ளையாருக்குத் திகதி சொல்லிப்போட்டன். மச்சாள்மாருக்கும் சொல்லிப்போட்டன்." எது பெரிய தடை என்று நான் கேட்கவில்லை.

மைல் நாளன்று ழூரா ஏரிக்கரையில் பனி கணுக்கால் அளவுக்கு இருந்தது. தண்ணீர் நாலு பாகை. தில்லையம்பலம் அங்கிளும் வந்திருந்தார். இரண்டு ஜக்கெற், ஒரு மஃப்ளர், ஒரு சுடுதண்ணிப் போத்தல். "இஞ்சரும், உமக்கு விசர். ஊருக்கே சொல்லுவன்" என்றுவிட்டு எங்களை ஏற்றிவந்த வான் வண்டிக்குள் ஏறி ஹீற்றரைப் போட்டுக்கொண்டார்.

மரமேடையிலிருந்து செம்மஞ்சள் மிதவை வரை போய்த் திரும்பவேண்டும். அப்படிப் பல சுற்றுகள் சேர்ந்ததுதான் மைல். குளிரில் மூளை முதலில் கைவிடுவது பிற்காலத்தில் கற்ற மொழியைத்தான் என்பது அலெக்சிஸின் கொள்கை. அதனால் கேள்விகள் என் வழியாகத் தமிழில் போயின.

முதல் கேள்வி, இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

"உன்ரை கொப்பற்றை கலியாணவீட்டிலை," என்றுவிட்டு அன்ரி திரும்பி நீந்தினார்.

அலெக்சிஸ் என்னைப் பார்த்தார். 'உன் அப்பாவின் கல்யாண வீட்டில்' என்று அப்படியே மொழிபெயர்த்திருந்தால் அந்த நிமிடமே வெளியே தூக்கியிருப்பார்கள். "நன்றாக இருக்கிறார்," என்றேன்.

அடுத்த கேள்வி, வெளியே வர விருப்பமா?

"வந்து? உனக்குத் தேத்தண்ணி ஊத்தவோ?"

மிக நன்றாக இருக்கிறார் என்றேன்.

அதற்கடுத்து, இன்று என்ன கிழமை? "உனக்குத் தெரியாட்டி அந்தாளைக் கேள், வானுக்கை நித்திரை கொள்ளுறார்." மூளையின் ஒரு மூலையும் உறையவில்லை. நான் தாள் எடுத்துக் குறிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஏச்சு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சுகம்.

கடைசிச் சுற்றுக்கு முந்தைய திருப்பத்தில் கை போடுவது மெதுவாகியிருந்தது. இருந்தாலும் தலை நேராகத்தான் இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் அன்ரி என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கிறன் அம்மா," என்றார். முகத்தில் ஒரு மென்மை. "கேட்டதுக்கு நன்றி."



"என்ன சொன்னார்?" என்றார் அலெக்சிஸ்.

"வெளியே எடுங்கள்."

"என்ன சொன்னார் என்று கேட்டேன்."

"நன்றாக இருக்கிறாராம். நன்றி சொன்னார்."

"தெளிவான பதில்தானே. இன்னும் ஒரு சுற்றுத்தான். உங்களுக்குப் பயமா?"

எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதில்லை, அது மேடைக்கும் அழைப்பிதழுக்கும் உரிய சொல் என்பதை ஒரு பிரெஞ்சுக்காரருக்கு எத்தனை வசனத்தில் விளக்குவது? நான் வான் வண்டியை நோக்கிக் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. "அங்கிள்! அன்ரி எனக்கு நன்றி சொல்லுறா!"

வானின் கதவு திறந்தது. "நன்றியோ? ஆர், ஜெகாவோ?" இரண்டு ஜக்கெற்றோடும் பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். "இழுங்கோ! உடனை இழுங்கோ!" என்று மேடையில் நின்று குளறினார். அதை அலெக்சிஸுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அலெக்சிஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அன்ரியைப் பிடித்தார். பிடித்தபோது அன்ரி அவருக்கும் தமிழில் நன்றி சொன்னார். அதற்குள் கால்கள் அசையவில்லை.

மேடைப் பக்கத்துக் குடிசையில் கம்பளிகளால் சுற்றி வைத்தோம். முதலில் நடுக்கம்கூட இல்லை. பிறகு பல் அடிக்கத் தொடங்கியது. வெளியே வந்த பின்னும் உடம்பு உள்ளே குளிர்ந்துகொண்டு போகும், இனித்தான் கவனம் என்றார் அலெக்சிஸ். அங்கிள் அன்ரியின் பாதங்களைத் தன் ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நெடுநேரம் கழித்து, போத்தல் மூடியில் ஊற்றிக் கொடுத்த தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டு அன்ரி கண்ணைத் திறந்தார்.

"தேத்தண்ணியே இது? சட்டி கழுவின தண்ணி."

"வந்திட்டா," என்றார் அங்கிள்.

மைல் முடியவில்லை. ஒரு சுற்று மிச்சம். சான்றிதழும் இல்லை. இரண்டு கிழமை அன்ரி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரோல்ஸைக் கடையில் வேலைசெய்யும் மற்றப் பிள்ளைதான் எடுத்துத் தந்தாள். அங்கிள் மட்டும் கல்யாண வீடுகளில் கிணத்தடித் தொட்டிக் கதையை விட்டுவிட்டார் என்று அம்மா சொன்னார்.

மாசி மாதத்தில் ஒருநாள், நான் கடையை விட்டு வெளியே வர, ஏப்ரனோடு பின்னால் வந்தார். ரூ பஜோல் திருப்பம் வரை கூடவே நடந்தார். அங்கே நின்றார்.

"பிள்ளை, ஒரு உதவி. கோயிலுக்குப் போய் ஐயரிட்டை ஒரு விசயம் கேக்கவேணும். பெருங்கதையைக் குளிருக்கு முந்தி, ஆனி மாதத்திலை பிடிக்கலாமோ, பிள்ளையார் குறை நினைப்பாரோ எண்டு கேள். நான் கேட்டனெண்டு சொல்லாதை, ஒரு சிநேகிதிக்கு எண்டு சொல்லு. ஏன் மாத்தவேணும் எண்டு கேட்டா நீந்திற கதையை மட்டும் எடுத்துப்போடாதை. உடனை கண்டுபிடிச்சிடுவார்."