பெருநாளுக்கு மறுநாள் ஜனாதிபதி எங்கே இருந்தார்

அக்கா தன் மனுவை ஜனாதிபதியின் கையிலேயே கொடுத்தவள். அதனால் அவருக்குக் கீழே உள்ள எவரிடமும் இன்னொரு மனு கொடுக்கமாட்டாள். முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் சட்டம்.

மனு அத்தானைப் பற்றியது. அத்தான் ஒருநாள் விடியற்காலையில் எங்கள் தீவில் சுருவில் கரையில் இருந்து கடல்தொழிலுக்குப் போனார். வரவில்லை. வள்ளமும் வரவில்லை. சண்டைக்காலம், கடலுக்குப் போனவனுக்கு என்ன நடந்தது என்று கேட்கப் போவதற்கே பயந்த காலம். செத்துப்போனார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, எங்கோ சிறையில் இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அக்காவுக்கு அப்போது முப்பது வயது. இன்றுவரை இறந்தவர்களுக்கான பூசையில் அத்தானின் பெயரை அவள் கொடுத்ததில்லை. பயணத்தில் இருப்பவர்களுக்காகச் செபிக்கும்போது மட்டும் கொடுப்பாள்.

பிறகு விசாரிக்க எத்தனையோ பேர் வந்தார்கள். வேலணையில் பிரதேச செயலகத்தில் கதிரை மேசை போட்டு இருந்து எழுதினார்கள். ஊரில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்று பதிந்தார்கள். அக்கா போகவில்லை.

"மேல இருக்கிறவரிட்டக் கையில குடுத்தாச்சு. இனிக் கீழ போய்க் குடுத்தா, தன்னை நம்பேல்ல எண்டெல்லோ அவர் நினைப்பார்."

"அவர் போய் எத்தினை பேர் வந்திட்டினம் அக்கா!"

"ஆள் மாறினாலும் கதிரை மாறாது."

இதற்கு மேல் என்ன பேசுவது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். பதியாத கடிதம் எழுதாத கடிதம் என்பது எனக்கு வேதம். பதிந்துவிட்டால் எந்த மூலையில் கிடந்தாலும் ஒருநாள் எழும்பிவரும் என்று நம்புகிறவன். அக்காவோ கந்தோர்ப் படியே ஏறாமல் ஒரு மனிதரின் ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு இருந்தாள்.

அந்த வார்த்தை கொடுக்கப்பட்ட நாளில் நானும் அவளோடு நின்றேன். அந்தோனியார் பெருநாளுக்கு மறுநாள். அத்தான் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. கடற்படை முகாமில் கொடுப்பதற்காக நான் எழுதிக் கொடுத்த மனுவோடு ஊர்காவற்றுறைக்குப் போனோம். எந்தப் பெரியவர் என்று தெரியாததால் 'மதிப்புக்குரிய பெரியவர் அவர்கட்கு' என்றே தொடங்கியிருந்தேன். இறங்குதுறையில் சனத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தது. நான் அதற்கு முன் இரண்டு வருடம் தெற்கில் ஒரு கடையில் நின்றவன். அரிசி, பருப்பு, மிச்சக் காசு எல்லாவற்றுக்கும் எனக்குச் சிங்களம் தெரியும். அந்தத் தலைக்கனத்தில் பக்கத்தில் நின்ற கடற்படைக்காரனிடம் யார் வருகிறார் என்று கேட்டேன். அவன் கடலைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். சரியான காற்று. '...பதிதுமா' என்று, சிங்கள மரியாதை விகுதியோடு முடிந்தது மட்டும் காதில் விழுந்தது.

"ஆராம்?" என்றாள் அக்கா.

"சனாதிபதி" என்றேன்.

அவ்வளவுதான். தடுத்தவர்களையெல்லாம் தாண்டி அக்கா ஓடினாள். வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்ட ஒருவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் மனுவை வாங்கினார். முதல் வரியைப் பார்த்தார். மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். "பாப்பம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தீவில் அப்போது மின்சாரம் இல்லை. பத்திரிகை வந்தால் வந்ததுதான். ஜனாதிபதியின் முகத்தை யார் கண்டது? அன்றைக்குத்தான் அக்கா பத்து நாளுக்குப் பிறகு சோறு தின்றாள். "எங்களுக்கெண்டு தமிழில சொன்னவரடா" என்று சொல்லிச் சொல்லித் தின்றாள். ஊரில் ஒன்றிரண்டு பேர் சந்தேகப்பட்டார்கள். "நீங்கள் அங்க நிண்டனீங்களே? நான் நிண்டனான்" என்று அவர்களின் வாயை அடைத்தவனும் நான்தான்.

போன வருடம் வேலணையில் மறுபடியும் பதிகிறார்கள் என்று செய்தி வந்தது. அக்காவுக்கு முழங்கால் ஏலாது, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. இந்த முறையும் மாட்டேன் என்பாள் என்றுதான் போனேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அந்த மனுவுக்கு ஒரு நம்பர் இருக்குமெல்லே?"

"கட்டாயம் இருக்கும்."

"அந்த நம்பரை எடுத்துக்கொண்டு வா. அதோட போனா, புதுசாக் குடுக்கிறதா வராது. பழசை ஞாபகப்படுத்திறதுதான். உனக்குக் கந்தோர் வழியெல்லாம் தெரியும்தானே."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஒரு நம்பர்தான் வேண்டும். நம்பர் தேடுவது என் தொழில். அடுத்த கிழமையே கொழும்புக்கு வெளிக்கிட்டேன்.

அரசாங்கத்தின் பழைய கடதாசிகள் இருக்கும் சுவடிக்கூடத்தில் பையை வெளியே வைக்கவேண்டும், பேனை கொண்டுபோக முடியாது, பென்சிலால்தான் எழுதலாம். எனக்கு இந்த ஒழுங்கு பிடித்தது. அங்கிருந்த பெண் அலுவலர், என் மகள் வயது இருக்கும், சிங்களப் பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். மனுக்கள் மலையாகக் கிடக்கின்றன, பெயரை வைத்துத் தேட முடியாது என்றாள். ஆனால் ஜனாதிபதியின் அன்றாட நிகழ்ச்சித் தாள்கள் நாள் வரிசையில் இருக்கின்றன. அவர் தீவுக்குப் போன நாளைக் காட்டினால், அந்தப் பயணத்தின் கோப்பை எடுக்கலாம். பயணத்தில் வாங்கிய மனுக்களின் பட்டியல் அதற்குள் இருக்கும். நாள் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அந்தோனியார் எந்த வருடமும் நாள் மாறுவதில்லை.

கட்டு வந்தது. வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய தாள், காபன் வைத்து அடித்த சிங்கள எழுத்து, ஒரு நாளுக்கு ஒரு தாள். நான் தேடிய நாள் வந்ததும் கையை உடம்பில் துடைத்துக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு வைத்தியர். ஏழேகாலுக்குப் பத்திரிகை வாசித்தல். ஒன்பதுக்கு ஒரு தூதுவர். பதினொன்றுக்குத் தெற்கே ஒரு பாடசாலைக்கு அடிக்கல். ஒரு மணிக்கு அங்கேயே சாப்பாடு; ஓரத்தில் பென்சிலால் 'மீன் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. நாலரைக்கு ஒரு கலியாண வீடு. எட்டுக்கு மருந்து.

அக்கா மனுவை நீட்டியபோதும் பதினொரு மணிதான். கோயில் மணி அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரே நேரத்தில் ஒருவர் தெற்கில் கல்லும் வைத்து ஊர்காவற்றுறையில் குடைக்குக் கீழேயும் நடக்க முடியாது. நாளைப் பிழையாகப் பிடித்தேனோ என்று முந்தின நாளைப் பார்த்தேன், பிந்தின நாளைப் பார்த்தேன், அந்த மாதம் முழுக்கப் பார்த்தேன். அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழும்பினார், யாரோடு தேத்தண்ணி குடித்தார், எப்போது பல்லுவலியால் கூட்டத்தைத் தள்ளிவைத்தார் என்று எல்லாமே இருந்தது. கடலோ, தீவோ, வள்ளமோ எங்கேயும் இல்லை. ஒரு மனிதரின் கால் மணித்தியாலம்கூடத் தவறாமல் எழுதிவைத்திருந்த அதே நாட்களில்தான் என் அத்தான் இல்லாமல் போயிருந்தார். அவரைப் பற்றி ஒரு வரி எழுதிய தாள் எங்காவது இருக்கிறதா என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பென்சிலைக் கூர்தீட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதத் தாள்களையும் பார்த்துவிடுவோம் என்று இன்னொரு துண்டு எழுதிக் கொடுத்தேன். களைப்பு. அந்தப் பிள்ளை துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஐயா, உங்களுக்கு ஜனாதிபதிதுமாவின் தாளா வேண்டும், திசாபதிதுமாவின் தாளா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

துண்டை வாங்கிப் பார்த்தேன். என் கை பழக்கதோசத்தில் 'திசாபதி' என்று எழுதியிருந்தது. எழுதாமல் என்ன செய்யும்? மாவட்டத்து அரசாங்க அதிபருக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். முப்பது வருடம் சிங்களக் கடித உறைகளில் அதை எழுதியே என் விரல் தேய்ந்தது. "பழக்கம் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு திருத்தப்போனேன். பென்சில் நின்றுவிட்டது.

ஜனாதிபதிதுமா. திசாபதிதுமா. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னாள். முன்பாதியைக் காற்றுக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளைக் காற்சட்டை. குடை. 'பாப்பம் தங்கச்சி.' எந்த நாட்டு ஜனாதிபதி யாழ்ப்பாணத்துத் தமிழில் 'பாப்பம்' என்பார்? எங்கள் அரசாங்க அதிபர் சொல்லுவார். சனத்துக்கு அரிசி வந்ததா என்று பார்க்க வந்திருப்பார், பாவம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அக்கா.

என்னால் மன்னிக்க முடியாதது கடைச் சிங்களத்தை அல்ல. அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்தச் சொல்லோடு சீவித்தேனே, ஒருநாளாவது எனக்குப் பொறி தட்டவில்லையே. அரசாங்க அதிபரின் கந்தோரில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இரண்டாவது மாடியில்தான் பழைய மனுக்கள் இருந்தன. போய்ப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்கும். பிறகு வந்த பெரிய இடப்பெயர்வில் சனத்தோடு சேர்ந்து கோப்புகளும் இடம்பெயர்ந்தன. சனமே முழுதாகத் திரும்பாத இடத்தில் கோப்பு எங்கே திரும்பும்?

திரும்பி வரும்போது புகையிரதத்தில் ஒரு கெட்ட புத்தி வந்தது. ஒரு நம்பர் எழுதினால் என்ன? எழுத்து, சாய்கோடு, இலக்கம், சாய்கோடு, வருடம். பார்த்தால் எந்தக் கந்தோர்க்காரனும் நம்புவான். அக்கா அதோடு வேலணைக்குப் போவாள், பதிவாள், காரியம் முடிந்துவிடும். எழுதியும் விட்டேன். சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தில் பஸ்ஸில் வரும்போது அந்தத் துண்டு நெஞ்சை அரித்தது. அன்றைக்கு அரசாங்க அதிபரும் இப்படித்தான் ஒரு கடதாசியைச் சேட்டுப் பையில் வைத்தார்.

அக்கா வாசலில் நின்றாள். வேலணைக்குக் கட்டுவதற்கான சீலை கதிரையில் மடித்துக் கிடந்தது.

"நம்பர் கிடைச்சுதே?"

"இல்லை அக்கா. அண்டைக்கு வந்தது சனாதிபதி இல்லை. அரசாங்க அதிபர். நான்தான் பிழையாச் சொன்னனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, கடற்படைக்காரன், அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி, பதினொரு மணிக்கு வைத்த அடிக்கல். அக்கா ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவள் கதிரையில், சீலைக்கு மேலேயே இருந்துவிட்டாள்.

"அப்ப, நாங்கள் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன்.

"இவ்வளவு காலமும் சனாதிபதிக்குத் தெரியும் எண்டு இருந்தனான். தெரிஞ்சும் பேசாமல் இருக்கிறார் எண்டால் உயிரோடதான் வைச்சிருக்கினம் எண்டு. ஒருத்தருக்கும் தெரியாதோ அவர் காணாமல் போனது?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் வாசல் பக்கம் வரவில்லை. குசினிக்குள் பானை சட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் போய்ப் போய் வாசலில் இருந்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனபோது அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுது."

"ஆருக்கு எண்டு போட?"

"வேலணையில ஆர் இருக்கினமோ அவைக்கு. பேரைச் சரியாக் கேட்டுப் போடு. பெரியவர் சின்னவர் எண்டெல்லாம் எழுதாத."

எழுதினேன். அத்தானின் பெயர், ஊர், தொழில். வள்ளத்தின் நிறம். அன்றைக்குக் கட்டியிருந்த சாரத்தின் நிறம். இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு. ஒவ்வொன்றையும் அக்கா யோசிக்காமல் சொன்னாள், எல்லாம் நேற்றுப் பார்த்தவள்போல. வயது என்ற இடத்தில் நான் கேட்காமலே முப்பத்திநாலு என்று போட்டேன்.

அக்கா நல்ல கண்ணைக் கடதாசிக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"அது அப்பத்தை வயசு. வெட்டிப்போட்டு இப்ப எத்தினையோ அதைப் போடு. இல்லாட்டி ஆளைக் கண்டாலும் அடையாளம் பிடிக்கமாட்டினம்."

நான் வெட்டினேன். விரல் மடித்து எண்ணி, அறுபத்தொன்பது என்று எழுதினேன்.