கண்ணாடித் தொட்டியும் ஸுஹறாவின் வீடும்

எருக்கலம்பிட்டி ஸுஹறா வாயைத் திறந்தால் ஊரே ஒதுங்கிப் போகும். அவள் புருஷன் ஜவாஹிர் மட்டும் ஒதுங்க மாட்டார். காதில் விழுந்தால்தானே ஒதுங்குவதற்கு! கத்தாரில் இருந்து திரும்பிய மனுஷன், கொழும்பில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்து கூடத்துச் சுவரோரம் வைத்தார். அதில் கடல் தண்ணீரை நிரப்பி, தாழ்வுபாட்டு மீனவர்களிடம் கேட்டு வாங்கிய பாசி பிடித்த கற்களை அடுக்கினார். வாசலில் நின்றாலே கடல் தெரிகிற வீடு அது. கடலைக் குடத்தில் அள்ளி வந்து வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிற கூத்து எந்த ஊரில் உண்டு என்று ஸுஹறா வாய் ஓயாமல் ஏசினாள்.

கற்களுக்குள் இருந்து ஒவ்வொன்றாக உயிர்கள் வெளியே வந்தன. நூல்போலக் கைகளை நீட்டும் புழு, மீனின் வாய்க்குள் புகுந்து அழுக்குத் தின்னும் இறால், வெறும் சங்குகளில் குடியிருக்கும் நண்டுகள். ஜவாஹிர் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இதோ பார், அதோ பார் என்று கூப்பிடுவார். கறிக்கு ஆகாத இறாலுக்கு இத்தனை பவுசா என்று கேட்டுவிட்டுப் போவாள் அவள். ஆனாலும் கூடத்தைக் கூட்டும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? அந்த நண்டுகளின் யோக்கியதையை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். பெரியது சின்னதின் சங்கைப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருக்கும். தாங்க முடியாமல் சின்னது வெறும் உடம்போடு வெளியே வந்ததும், பெரியது உள்ளே புகுந்துவிடும். கேடுகெட்ட பிறவிகள், இதைப் பார்க்க ஒரு கதிரை வேறு.

தொண்ணூறில் துப்பாக்கியோடு வந்த இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வெளியேறியவள் ஸுஹறா. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருஷம் கிடந்தாள். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது பழைய வீட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. புதராக மண்டிக்கிடந்த பற்றையை வெட்டி அதே நிலத்தில்தான் இந்த வீட்டைக் கட்டினார்கள். மகள் றிஸ்மியாவுக்கான வீடு இது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது அங்கே வழக்கம். வீடு பெண் பேரில் இருக்கும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான், பெற்றவர்கள் பின்னறைக்கு மாறிக்கொள்வார்கள்.

றிஸ்மியாவுக்குப் பேசிய மாப்பிள்ளை இன்சாபும் அவன் தாய் உம்மு ஸல்மாவும் புத்தளத்தில் இருந்து வீடு பார்க்க வந்தார்கள். அந்த மனுஷி, ஸுஹறா தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்தை மறுபடி மறுபடி வாங்கித் தின்றாள். அறைகளை எட்டிப் பார்த்தாள், அலுமாரியைத் திறந்து பார்த்தாள், தொட்டியை அப்புறப்படுத்தினால் கூடம் பெரிதாகும் என்றாள். இன்சாப் போனில் இருந்து தலையை எடுக்கவில்லை. பிறகு அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, வீட்டு உறுதிப் பத்திரத்தை மகன் பேரில் எழுதிவிடுங்கள், உங்கள் இரண்டு பேருக்கும்தான் புத்தளத்தில் கொட்டில் இருக்கிறதே என்றாள்.

ஜவாஹிர் தொட்டியைப் பார்த்தபடியே "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். உள்ளே பெரிய நண்டு சின்னதைத் தட்டிக்கொண்டிருந்தது. ஸுஹறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. றிஸ்மியா விரும்பிய மாப்பிள்ளை இவன், ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது வாயைத் திறந்தால் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் பேசினாள்.

"இந்த வீடு என்ட மகள்ற பேரில மட்டும்தான் இருக்கும். முந்தி துவக்கைக் காட்டி வெளிக்கிடச் சொன்னாங்கள், வெளிக்கிட்டனான். வட்டிலப்பம் திண்டுட்டு வெளிக்கிடச் சொன்னா வெளிக்கிட மாட்டன்."

உம்மு ஸல்மா மகனைப் பார்த்தாள். உம்மா சொல்வதுதான் என் முடிவும் என்றான் அந்த வீரன். இருவரும் எழுந்து போனார்கள். திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த றிஸ்மியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வாசலில் வாகனம் புறப்படும் சத்தத்தில்தான் ஜவாஹிர் திரும்பினார். ஏன் அதற்குள் போய்விட்டார்கள் என்று கேட்டார்.

"நண்டு வீடு பறிக்கிறத மணிக்கணக்காப் பாத்தீங்க," என்றாள் ஸுஹறா. "உங்கட வீட்டைப் பறிக்க வந்தவங்களுக்கு ஓம் சொன்னீங்க."

ஜவாஹிர் கதிரையை விட்டு எழுந்து, மகளின் அறை வாசலில் போய் நின்றார்.