வடிதாளில் ஒட்டிய பழுப்பு நார்

மாரீஸ்வரன் எனக்குத் தம்பி முறை. என் சித்தி பேராச்சியின் இரண்டாவது மகன். தாராவியில் குடியிருக்கிறான். சின்னக் கம்பெனிகளின் டிரான்ஸ்பார்மர்களைச் சோதித்துச் சொல்வது அவன் பிழைப்பு. லேபுக்கு அனுப்ப வசதியில்லாதவர்களுக்குக் கண்ணும் மூக்கும் ஒரு காய்ந்த இரும்புக் கரண்டியும் போதும் என்பான். சுட்ட கரண்டியில் விட்ட டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சடசடத்தால் ஈரம். கருத்துப்போய்ப் புளித்த வாடை வந்தால், உள்ளே செம்புக் கம்பிமேல் சுற்றிய காகிதம் கிழடு தட்டிவிட்டது.

போன ஆயுத பூஜைக்கு அவன் மச்சினன் நாகராஜ், செம்பூரில் தன் பிளாஸ்டிக் கம்பெனிக்குப் பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கிவிட்டான். பூஜையன்றே ஓடவேண்டுமாம். அந்த அவசரத்தில் மாரி முதலில் எண்ணெயை மெஷினில் வடிகட்டினான், பிறகு சோதித்தான். கரண்டி சத்தமே போடவில்லை. எண்ணெய் பளிச்சென்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டான்.

மாலையில் டிரான்ஸ்பார்மர் டேங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, உடைக்கப் பூசணிக்காயும் எடுத்துவைத்துப் பெண்களும் வேலையாட்களும் சுற்றி நின்றார்கள். எலக்ட்ரீஷியன் ஷாகுல் ஹமீதின் கை சுவிட்சில். வடிகட்டும் மெஷினை மூட்டை கட்டப்போன மாரி அதன் வடிதாளைக் கழற்றினான். தாள் நெடுக பழுப்பு நார். விரலில் தேய்த்தான். தூசி இல்லை, காகிதம்!

"பாய், கைய எடுங்க!"

"என்ன அத்தான், காலைல சரின்னிய. பூசணிக்காயப் பாத்துப் பயந்துட்டியளா?" என்றான் நாகராஜ்.

"எண்ணெய்தான மாப்ள சொல்லணும்? அது சொல்லுததுக்கு முன்னால நானே வடிகட்டி அது மூஞ்சியக் கழுவிட்டேன். சுவிட்சப் போட்டதும் உள்ள செம்புச் சுருள் ஒரு குலுக்கு குலுங்கும். காகிதம் உதுந்தா வெடிச்சிரும். ஒங்க அக்கா பக்கத்துல நிக்கா."

"நான் நின்னாத்தான் வெடிக்குமாக்கும்?" என்றாள் மாரியின் மனைவி பானுமதி. சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

"நல்ல நேரம் போவுது அத்தான்."

"போவட்டும்."

ஷாகுல் சுவிட்சுக்குப் பூட்டுப் போட, சாவியை மாரி வாங்கிக்கொண்டான். எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி, மேல்மூடியைத் திறந்து, சுருளிலிருந்து வரும் கம்பியின்மேல் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கத்தரித்தான். மடித்தான். மடியாமல் ஒடிந்தது.

"ஒங்க முரட்டுக் கை பட்டா அப்படித்தான். இங்க தாங்க."

நாகராஜ் இன்னொரு துண்டை வாங்கி, வெற்றிலை மடிப்பதுபோல் மெல்ல மடித்தான். பொரித்த அப்பளமாக நொறுங்கி உள்ளங்கையில் உதிர்ந்தது.

"பாய், இன்னைக்கு இது ஓடவேண்டாம். எல்லாரையும் வெளிய அனுப்புங்க" என்றான் நாகராஜ். பூசணிக்காயைத் தானே தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே உடைத்தான்.