மூன்று நாள் ஆட்டம்

இரண்டு வருடத்துக்கு முன், மெல்பேர்ணில் நடந்தது. டண்டினொங்கில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்டி மடிக்கும் மெஷினில் மோல்டா நாட்டுக்காரர் ஒருவர் நிற்பார். என் வயதுதான். மோல்டா சின்ன நாடு. ஆனாலும் அங்கே பெரிய ஃபுட்போல் லீக் உண்டு. அவருடைய ஊர்க் கிளப் அதில் ஆடுகிறது. அங்கே ஆட்டம் தொடங்கும்போது இங்கே நடுச்சாமம். எங்களுக்கோ விடிய ஆறு மணிக்கு வேலை. அதனால் பிறகு போனில் பார்ப்பார், சாப்பாட்டு நேரத்தில். அது அரை மணிதான். தொண்ணூறு நிமிட ஆட்டத்தைத் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளாகப் பார்ப்பார். அதுவரை முடிவை யாரும் அவர் காதில் போடக் கூடாது.

ஒருநாள் சாப்பிட வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தேன். போனை என் பக்கம் கொஞ்சம் சரித்து வைத்தார். அன்றிலிருந்து சீசன் முழுக்க அந்தக் கதிரைதான் எனக்கு. கோல் விழுந்தால் இருவரும் எழும்பிக் கத்துவோம். அங்கே வேலை செய்யும் எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவன் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் எப்ப மோல்டாவில பிறந்தனீங்கள்?"

கிளப் நன்றாக ஆடவில்லை. கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் கீழ்ப் பிரிவு. கீழ்ப் பிரிவு ஆட்டங்களை போனில் காட்டுவதில்லை. எங்கள் மதியமும் அத்தோடு சரி. சமன் வந்தால் போதும், தப்பலாம்.

திங்கள் கோல் இல்லை. செவ்வாய் எதிராளி ஒன்று போட்டான். அவர் சாப்பிடக் கொண்டுவந்த பாணைக் கடிக்காமலே மூடி வைத்துவிட்டு மெஷினுக்குப் போனார்.

அன்று பின்னேரம் என்னால் இருக்க முடியவில்லை. மகளிடம் போனில் முடிவைப் பார்க்கச் சொன்னேன்.

"ஆர் யூ ஷுவர், அப்பா?" என்றாள்.

"ஓம், பார் பிள்ளை."

மனைவி குசினிக்குள் இருந்து, "அந்த மனுசன் பொறுத்துக்கொண்டு இருக்குது. உங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

ஒன்றுக்கு ஒன்று. தப்பிவிட்டார்கள். நன்றாக நித்திரை கொண்டேன்.

புதன்கிழமை. முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது எங்கள் கோல் விழுந்தது. அவர் கதிரை பின்னால் விழ எழும்பினார். நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தியவர் நடுவில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"யூ நோ," என்றார்.

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? அவர் கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கதிரையை நிமிர்த்தி, இருந்து, தொடர்ந்து பார்த்தார். தனியாகத்தான் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறாவது நிமிடத்தில், வேலைக்குத் திரும்பும் மணி அடித்தது. மேலதிகமாக நாலு நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர் போனைப் பையில் போட்டார். ஒரு விரலை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"டுமாரோ. நோ டெல்."

அந்தப் பின்னேரம் முழுக்க அவருடைய மெஷினைத் தாண்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் என் முகத்தைப் பார்ப்பார். நான் பெட்டிகளையே பார்த்து ஓட்டினேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அன்று மட்டும் கஷ்டமாக இருந்தது.

வியாழன் அந்த நாலு நிமிடத்தையும் பார்த்தோம். கோல் காப்பவர் இரண்டு தரம் விழுந்து பிடித்தார். விசில் ஊதினார்கள். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தன் பாணைப் பிய்த்துப் பாதியை என் சோற்றுப் பெட்டியின் மூடியில் வைத்தார்.

"சொறி," என்றேன்.

"ஈட்," என்றார்.

இப்போதும் அதே இரண்டு கதிரைகள்தான். கிளப் இந்த வருடமும் அடியில்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை விடிய எனக்கும் முடிவு தெரியாது. அப்படித் தெரியாமல் வேலைக்குப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது.