வைத்த பொன்

ஒரு கல்வெட்டை எழுத்துப் பிழையின்றிப் படித்துக் காட்டிய பிறகும், படித்தவன் குற்றவாளியாக நிற்க நேருமா? அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதத்தில், வட ஆற்காட்டுச் சிற்றூர் ஒன்றில், இடிந்து கிடந்த வீட்டுச் சுவருக்கு எதிரே நின்றபோது இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

அப்போது நான் பி.ஏ. முடித்துவிட்டுக் கோலார் தங்கவயலில், ஊரிகத்துப் பள்ளியொன்றில் வரலாற்று ஆசிரியனாகச் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தமிழ் இந்த மண்ணுக்குத் தங்களோடுதான் வந்தது, சுரங்கம் திறந்த பிறகுதான் வந்தது என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். ஆனால் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், கோலாரம்மன் கோயில் சுவரிலேயே சோழர் காலத் தமிழ் எழுத்துகள் இருந்தன. அங்கிருந்து தொடங்கித் தஞ்சாவூர் வரை சோழர் விட்டுச் சென்றவற்றை ஒரு வார காலம் பார்த்து வரவேண்டும், திரும்பி வந்து வாசகசாலையில் அதைப் பற்றிப் பேசவேண்டும், கூலிக்கு வந்தவர்கள் என்று தங்களைத் தாழ்வாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது என் எண்ணம். எண்ணத்தில் குறையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்று பேர் கிளம்பினோம். ஒருவர் எங்கள் லைனிலேயே வளர்ந்த நண்பர்; சுரங்கத்தின் அடியில் பாறை சரியாமல் மரத்தாங்கல் வைக்கும் டிம்பர் பிரிவில் வேலை செய்தவர். ஒரு வாரம் விடுப்பு வாங்கியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு இறங்கியாக வேண்டும். மற்றவர் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தின் மகன். வேனும் அவருடையதே, ஓட்டியவரும் அவரே. அரிசி மூட்டை ஏற்றும் அந்த வேனின் இரு பக்கமும் கடைப் பெயருக்குக் கீழே ‘கோலார் தங்கவயல்’ என்று பெரிய மஞ்சள் எழுத்துகளில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை கோலாரும் ஆவணியும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை முளுபாகலிலிருந்து பலமநேர் மலைப்பாதையில் இறங்கி, சித்தூரைக் கடந்து, மேல்பாடிக் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். மைசூர் மாநிலத்தில் புறப்பட்டு, ஆந்திரத்தில் டீ குடித்து, சென்னை மாநிலத்தில் பகல் சாப்பாட்டுக்கு இடம் தேடினோம். மேல்பாடியைத் தாண்டிச் சில மைல் தொலைவில், சாலையோரக் கூரை வீடு ஒன்றின் முன்புறத்தில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. அவருடைய கணவர் வேலூரில் மூட்டை தூக்கிப் பிழைப்பவர். வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

எங்கள் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “இன்னா தம்பி, கோலாருன்றீங்க, நம்மூரு பேச்சு பேசறீங்களே!”

“நம்மூருதான் அக்கா. எங்க தாத்தா இங்கேர்ந்து போய் அங்க பள்ளம் தோண்டினாரு” என்றார் சுரங்க நண்பர்.

நாங்கள் போகும் காரியத்தைக் கேட்டுவிட்டு, “எழுத்துக் கல்லா? எம் பொழக்கடையில ஒண்ணு கீது. வந்து பாருங்க” என்று வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஆளுயரப் பலகைக் கல் ஒன்று நின்றது. அதன் முதுகை ஒட்டினாற்போல அவர் வீட்டின் பின்சுவரை மண்ணால் எழுப்பியிருந்தார்கள். கூரையின் பின்பாரம் முழுவதும் அந்தக் கல்லையும் சுவரையும் நம்பி நின்றது. உள்ளேயிருந்த சின்ன அறையை அப்போதுதான் மெழுகியிருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், பத்து நாள் கழித்து வரும் புதன்கிழமை அழைத்துவர நாள் பார்த்திருந்தார்.

கல்லைக் கழுவினோம். அவரிடமே ஒரு பிடி அரிசி மாவு வாங்கித் தேய்த்தோம். எழுத்துகள் வெள்ளையாகத் துலங்கின. சோழர் காலத்து எழுத்து. நான் பல மாதம் உட்கார்ந்து கற்ற எழுத்து. ஞாயிற்றுக்கிழமையாதலால் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னிலையில், அதுவும் என் பாட்டன் புறப்பட்டுப் போன சீமையில், அந்தக் கல்லைப் படிக்கிறேன் என்ற பெருமிதம் என் குரலில் ஏறிக்கொண்டது. கோயிலில் விளக்கெரிக்க ஒருவன் இருபது கழஞ்சு பொன் வைத்த செய்தி அது. கல்லில் இருந்த சொற்களையே, இருந்தபடியே, உரக்கப் படித்தேன். விளக்கு என்ற சொல் வரும் இடம் சிதைந்திருந்தது. அதை ஊகித்து மனத்துக்குள் நிரப்பிக்கொண்டேன். ‘பொன் வைத்தான்’ என்பது மட்டும் தெளிவாக எல்லார் காதிலும் விழுந்தது.

சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒருவர் கேட்டார். “எங்க சாமி வெச்சான்?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். “வேறெங்கே, இங்கேதான்!” என்றேன்.

சிரிப்பு ஓய்வதற்குள் சுரங்க நண்பர் தம் பையிலிருந்த சிறு சுத்தியால் கல்லை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். சுரங்கத்தில் எந்தப் பாறைக்கு அருகில் போனாலும் தட்டி ஒலி கேட்காமல் நிற்கமாட்டார்கள். பிடரியைச் சொறிவது போல அது தானாக நடக்கும். “இன்னாப்பா பி.ஏ., உள்ள காலியா சத்தம் வருதே” என்று என்னிடம் சொன்னார். அதுவும் எல்லார் காதிலும் விழுந்தது.

தலைப்பாகைக்காரர் சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்தார், சுத்தியைப் பார்த்தார், பிறகு வீட்டின் பக்கவாட்டில் நின்ற வேனின் மஞ்சள் எழுத்துகளை வாய்க்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். அவர் வேறெதையோ புரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் மறைக்கக் கூடாது. தோன்றியது, ஆனால் பொழுது சாய்வதற்குள் காஞ்சிபுரம் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம். கல்லில் இருந்ததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கையசைத்துவிட்டு ஏறிவிட்டேன்.

காஞ்சிபுரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் என அந்த வாரம் போயிற்று. அவற்றைப் பற்றி எழுத எவ்வளவோ உண்டு, இங்கே வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை அதே வழியாகத் திரும்பினோம். அந்த இட்லிக்கடை அக்காவின் மகளுக்கென்று கும்பகோணத்தில் ஒரு டப்பா சீவலும் கொஞ்சம் மஞ்சளும் வாங்கி வைத்திருந்தோம்.

வீட்டின் முன்புறம் அப்படியே இருந்தது. பின்புறத்தில் கூரை தரையில் கவிழ்ந்து கிடந்தது. பலகைக் கல் இருந்த இடத்தில் இடுப்பளவுப் பள்ளம். கல் இரண்டாக உடைந்து, கடப்பாரை பட்ட வெள்ளைத் தழும்புகளோடு வேலியோரம் கிடந்தது. மண்சுவர் மொத்தமாகச் சரிந்து, மெழுகிய அந்த அறையை நிரப்பியிருந்தது. அக்கா புளியமரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார். வியாழக்கிழமை அவர் வேலூருக்குப் போயிருந்த பகல் வேளையில் பத்துப் பதினைந்து பேர் தோண்டியிருக்கிறார்கள்; ஒன்றும் கிடைக்காமல், நாங்கள்தான் இரவில் வந்து முன்பே எடுத்துப் போய்விட்டோம் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள்.

வேனைக் கண்டதும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தலைப்பாகைக்காரர் முன்னால் வந்தார். “வந்துட்டாங்கப்பா! எடுத்துக்கினு போனது பத்தலியாம், மிச்சத்தத் தேடி வந்துகீறாங்க. வண்டியத் தெறந்து காட்டு சாமி, அப்பால பேசலாம்!”

மளிகைக்கடை நண்பர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். “வண்டிய எடுத்துடறேன், ஏறுங்க” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். ஏறியிருக்கலாம். வண்டிக்கு முன்னால் அப்போது யாருமில்லை.

அதற்குள் அக்காவின் குரல் எழுந்தது. “எடுக்கறவன் பட்டப்பகல்ல இட்லி கேட்டுக்கினு வருவானா? ஒனக்கு மூள இருந்தா எஞ் செவுத்த ஏண்டா நோண்டப் போற!” தலைப்பாகைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க திருடனுங்க இல்லன்னு எனக்குத் தெரியும். பாதியச் சொல்லிட்டு மீதிய வாயில வெச்சிக்கினு போயிட்டீங்க. எம் பொண்ண நான் எங்க படுக்க வெப்பேன்?”

திருடன் என்ற சொல் என்னைத் தொடவில்லை. இது தொட்டது.

பள்ளத்தின் கரையில் நின்று, அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். பழங்காலத்தில் ‘வைத்தான்’ என்றால் புதைத்தான் என்று பொருளல்ல, கொடுத்தான் என்று பொருள். கோயில் விளக்குக்காகப் பொன்னை ஊர்ச் சபையிடம் ஒப்படைத்தான். அதன் வருவாயில் விளக்கெரிந்தது. பொன் இந்தக் கல்லுக்கடியில் ஒருநாளும் இருந்ததில்லை.

தலைப்பாகைக்காரர் விடவில்லை. “அப்போ அந்தப் பொன்னு யார் கைல போச்சி?”

“உங்க ஊர்க்காரங்க கையிலதான். வட்டிக்கு.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவர், “எங்கூர்க்காரன் வாங்கினானா? அப்போ சத்தியமா திரும்பி வந்திருக்காது!” என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். முகங்கள் சற்றே தளர்ந்தன.

“அப்ப இவரு தட்டிப் பாத்து காலின்னாரே?” என்றார் தலைப்பாகைக்காரர்.

சுரங்க நண்பர் முன்னால் போனார். “அண்ணே, எங்கூருல கல்லு காலியா சத்தம் போட்டா தங்கம்னு அர்த்தம் இல்ல. தலைல விழப் போவுது, ஓடுன்னு அர்த்தம். ஒங்க கல்லுக்கும் மண்செவுத்துக்கும் நடுவுல சந்து இருந்துச்சி, அவ்ளோதான். அன்னிக்கே ரெண்டு ஆப்பு வெச்சிட்டுப் போயிருக்கணும். தட்டினேன், வாயவும் தொறந்தேன், போயிட்டேன். தப்பு என்னுதுதான்.”

தவறு என்னுடையது என்று நான் சொல்வதற்கு முன் அவர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நில்லாமல் சட்டையைக் கழற்றி வேனுக்குள் எறிந்தார். நான் அவரைத் தனியே அழைத்து, திங்கட்கிழமை ஷிப்டை நினைவூட்டினேன். எனக்குப் பள்ளி விடுமுறை, தங்குவதில் இழப்பில்லை. மளிகைக்கடை நண்பருக்குக் கேள்வி கேட்க மேலதிகாரி கிடையாது. வேலைக்குத் திரும்பவேண்டியவர் அவர் ஒருவரே. என் பேச்சின் விளைவை அவர் ஏன் சுமக்கவேண்டும்?

“புதன்கெழம பொண்ணு வருது பி.ஏ.” என்றார் அவர். “ஒன்னால செவுரு வைக்க முடியுமா? முடியும்னா சொல்லு, நான் இப்பவே பஸ் ஏறிடறேன்.”

என்னால் முடியாது. எங்கள் மூவரில் ஒரு சுவரை நிறுத்தத் தெரிந்தவர் அவர் மட்டுமே.

நான்கு நாட்கள் வேலை நடந்தது. நண்பர் பனங்கட்டைகளை அறுத்து, சுரங்கத்தில் செய்வதுபோலவே இரு கால்களும் ஒரு விட்டமுமாகப் பூட்டி, ஆப்பு இறுக்கி, முதலில் கூரையை ஏற்றி நிறுத்தினார். நானும் மளிகைக்கடை நண்பரும் மண் மிதித்தோம். முதல் நாள் எங்களோடு ஊரார் யாரும் சேரவில்லை. இரண்டாம் நாள் பொழுது ஏறும்போது தலைப்பாகைக்காரர் ஒரு வண்டி செம்மண் கொண்டுவந்து கொட்டினார். மண்வெட்டியைக் கையில் எடுத்தார். அக்கா, “தோண்டத் தெரிஞ்ச கைக்கு மூடவும் தெரிதே” என்றார். தலைப்பாகைக்காரர் தலை குனிந்தபடியே மண்ணைக் கொத்தினார். அதன் பிறகு தோண்டியவர்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

கல்லின் பெரிய துண்டைச் சுவரிலிருந்து தள்ளி, யார் வீட்டுப் பாரத்தையும் தாங்கவேண்டாத இடத்தில் நட்டோம். பொன் என்ற சொல்லும் வைத்தான் என்ற சொல்லும் இருந்த பகுதி பொடிந்துபோயிருந்தது. ஒன்பது நூற்றாண்டு மழையைத் தாங்கிய எழுத்து, என் ஒரு சிரிப்பைத் தாங்கவில்லை. என் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிய வரிகள் தவிர இன்று அதற்குப் படி ஏதுமில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை சுவரில் ஈரம் காயாமல்தான் இருந்தது. ஆனால் கூரை நின்றது, அறையில் ஓர் ஆள் படுக்க முடிந்தது. அக்கா நாங்கள் கொண்டுவந்த மஞ்சளை வாங்கிக்கொண்டார். “அடுத்த தபா வந்தா முழுசாச் சொல்லிட்டுப் போங்க தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

சுரங்க நண்பரின் பெயருக்கு எதிரே இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்தது. விளக்கம் கேட்ட மேலாளரிடம், “ஒரு வீட்டுக்கு டிம்பர் வெச்சிட்டு வந்தேன்” என்று உள்ளதையே சொல்லி, இன்னும் கொஞ்சம் வசவு வாங்கிக்கொண்டார். அந்த ஊர்ப் பெயரை அவர் பிறகு என் முன்னால் எடுத்ததேயில்லை.

வாசகசாலையில் பேசினேன். சோழரின் பெருமையைச் சொன்னேன். அதோடு இந்தச் சுவரின் கதையையும், யாரும் கேட்காமலே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பழஞ்சொல்லை அறிந்தவனுக்கு, அதை அறியாதவர் எப்படிக் கேட்பார் என்று அறியும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பதை அந்தப் பள்ளத்தின் கரையில்தான் கற்றேன்.

அதன் பிறகு பல ஊர்களில், பல கற்களை, பலர் முன்னிலையில் படித்திருக்கிறேன். முதலில் பொருளை நடைமுறைப் பேச்சில் சொல்கிறேன், அப்புறமே கல்லில் உள்ளதைப் படிக்கிறேன். கூட்டத்தில் சிரிக்காமல் நிற்பவர் யாரென்று பார்த்து, அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்டறியாமல் நான் அந்த இடத்தைவிட்டுக் கிளம்புவதில்லை.