கால் படாத தண்ணீர்

“…அதுல எப்டிங்க கால வைக்கிறது? இதுவும் சாமி தண்ணிதான?”

நேற்று போளூர்க் கடையில் உப்பு மூட்டையைப் பிரித்தபோது, அந்த ஈர வாசத்தோடு அத்தையின் குரலும் வந்தது. எழுபதுகளின் கடைசியில், ராமேஸ்வரம் கடற்கரையில் நின்று அத்தை மாமாவிடம் கேட்டது அது.

எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, புள்ள பிழைத்தால் கடலில் முழுகிச் சாமி பார்க்கிறேன் என்று வேண்டியவள் அத்தை. ஆனால் ஜவ்வாது மலையில், எங்கள் ஊர்ச் சாமிச் சுனையில் யாரும் கால் வைப்பதில்லை. மொண்டுதான் ஊற்றிக்கொள்வோம். “சுனைய மிதிச்சவன் வூட்ல அடுப்பெரியாது” என்பார்கள்.

“நடை சாத்திடுவாங்க. ஊரே முழுகுது, உனக்கு மட்டும் இன்னாடி?” என்றார் மாமா. “செம்புல மொண்டு ஊத்திக்கினு வா.”

“முழுகறேன்னு சொல்லிட்டு ஊத்திக்கினா, சாமி புள்ளய உடுமா?”

அதைக் கேட்டதும் என் நெற்றி சுடுவதுபோல் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கோயில் பக்கம் மணி அடித்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஈர மணலில் கடலை நோக்கிக் குப்புற விழுந்து, தலைக்கு மேல் கைகூப்பி, அலை வந்து தலையிலிருந்து தன்னை மூடும்வரை அப்படியே கிடந்தாள்.