துரைக்காக ஒரு ஜெபம்

பதுளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். ஞாயிறுதோறும் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஜெபம் நடத்துவதும் நானே.

ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் யாக்கோபு என்னும் தொழிலாளி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றான். தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் அரைகுறை. "என்ன சொல்கிறான்?" என்று என்னைக் கேட்டார். அன்று ஆள் குறைவு. ஏச்சுக்குப் பயந்து, "சோம்பேறி, நடிக்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துரை அவனை மழையில் மலைக்கு வேலைக்கு அனுப்பினார். மாலையில் நினைவிழந்த அவனைத் தூக்கி வந்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது விழித்திருந்தான். அறையிலும் வாசலிலும் சனம் அடைத்து நின்றது.

"காச்சல்னு நீங்க சொல்லியும் தொரை மனசு எறங்கலியேங்க. ஆண்டவர் அவரை மன்னிக்கணும்னு ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றான்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். எனக்கு வெளியேற வழியில்லை. என் பாவத்தைத் துரையின் தலையில் வைத்து, தேவனிடமே சரளமாக ஜெபித்தேன். அந்தப் பொய்யைவிட அந்த ஜெபமே என் வாயை முதுமைவரை அடைத்து வைத்தது.

யாக்கோபு பிழைத்துக்கொண்டான். துரை சீமைக்குப் போன பிறகும் அவருக்காக ஜெபித்துவந்தான்.

இப்போதெல்லாம் ஒருவரோடு முழங்காலிடுமுன், அவருக்கு நான் செய்த தவற்றை அவரிடமே சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்னது யாக்கோபிடம்.

"இத்தன காலமும் ஜெபத்துல தொரை பேரைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றான். "இனி ஒங்க பேரைச் சொல்றேங்க."